கருக்காத பித்தளை

பித்தளை விஷயத்தில் என்னிடம் யாரும் வாய் காட்ட முடியாது. காஞ்சிபுரத்தில் இருபது வருடத்துக்கு மேலாகப் பாலிஷ் பட்டறை வைத்திருக்கிறேன். குத்துவிளக்கு, குடம், தாம்பாளம், சாமி வாகனத்தின் தகடு, பட்டுக்கடை வாசல் கதவின் கைப்பிடி வரை என் மோட்டார் சக்கரத்தில் ஏறி இறங்கியிருக்கிறது. களிம்பேறிப் பச்சை பூத்து வரும் குடத்தைக் கால் மணி நேரத்தில் முகம் பார்க்கிற மாதிரி ஆக்கித் தருவேன். இதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தவன்தான் நான். இந்தக் கைத்தொழிலை வைத்தே என் சொந்த அண்ணனை வீட்டை விட்டுப் போகவைத்தேன் என்பதை மட்டும் யாரிடமும் சொன்னதில்லை.

அண்ணனுக்கும் எனக்கும் பத்து வயது வித்தியாசம். எங்கள் அப்பா அடுத்தவர் கழனியில் ஏர் ஓட்டியவர். வீட்டில் பித்தளை என்று இருந்தது ஒரே ஒரு சொம்பு, அதுவும் அடி நசுங்கியது. அண்ணன் பத்தொன்பது வயதில் பட்டாளத்துக்கு ரயில் ஏறினார். எனக்கு அப்போது ஒன்பது வயது. இருபத்து நான்கு வருடம் பட்டாளம், அது முடிந்ததும் பெங்களூரில் ஒரு ஆலையில் காவல் வேலை. வருடத்துக்கு ஒரு முறை லீவில் வருவார், கறி எடுத்துச் சமைப்போம், போய்விடுவார். அவர் காபியில் எவ்வளவு சர்க்கரை போடுவார் என்பது கூட எனக்குத் தெரியாது.

அண்ணி இறந்த பிறகு அவருக்குப் பெங்களூர் பிடிக்கவில்லை. ஒரே மகளை வாலாஜாபாத்தில் கட்டிக் கொடுத்திருந்தார். ஆனாலும் பெண் கொடுத்த இடத்தில் போய்த் தங்குவது கூச்சம் என்று என்னிடம் வந்தார். ஒரு இரும்பு டிரங்குப் பெட்டி, ஒரு பை, அவ்வளவுதான் சாமான். வந்த பத்தாம் நாளே ஏனாத்தூர்ப் பக்கம் ஒரு கல்லூரியில் கேட் காவலுக்குச் சேர்ந்துவிட்டார். கம்பெனி கொடுத்த சீருடைக்கு பிளாஸ்டிக் பக்கிள் வைத்த பெல்ட். அதை மூலையில் போட்டுவிட்டுத் தன் பழைய பித்தளை பக்கிள் பெல்ட்டைக் கட்டிக்கொண்டு போனார். அங்கே யாரும் ஒன்றும் சொல்லவில்லையாம்.

முதல் நாள் காலையிலேயே அந்தக் கூத்தைப் பார்த்துவிட்டேன். ஐந்து மணிக்கு எழுந்து, பின்பக்கம் துவைக்கிற கல்லுக்குப் பக்கத்தில் செய்தித்தாளை விரித்து, இரண்டு மணைகளைப் போட்டார். ஒன்றில் உட்கார்ந்தார், மற்றதைக் காலியாக விட்டார். தாளின் மேல் பக்கிள், தொப்பியில் குத்துகிற யானைச் சின்னம், தோளில் குத்துகிற பட்டாளப் பெயரின் எழுத்துகள், விசில் சங்கிலியின் கொக்கி என்று வரிசை பிசகாமல் அடுக்கினார். பழைய கோட்டு ஒன்றும் இருந்தது, எட்டுப் பித்தளைப் பொத்தான்களோடு. வருடத்தில் இரண்டு கொடியேற்ற நாளில்தான் அதைப் போடுவார், ஆனால் பொத்தான்களுக்கு வாரம் தவறாமல் பூசை நடக்கும்.

பாலிஷை ஒரு சொட்டுத் தொட்டு வைப்பார். அது காய்ந்து வெள்ளையாகப் பூக்கும் வரை கையை எடுத்துவிடுவார். பிறகு பழைய பனியன் துணியால் வட்டம் வட்டமாகத் தேய்ப்பார். துணி கருப்பாகிக்கொண்டே வரும், பித்தளை வெளுத்துக்கொண்டே வரும். கருப்பு வருவது நிற்கும் வரை விடமாட்டார். பொத்தான்களுக்கு ஒரு தகடு வைத்திருந்தார். உள்ளங்கை நீளம், நடுவில் ஒரு நீண்ட பிளவு. பிளவுக்குள் பொத்தான்களின் கழுத்தை நுழைத்துத் தள்ளினால் கோட்டுத் துணி தகட்டுக்கு அடியில் போய்விடும், பொத்தான்கள் மட்டும் மேலே வரிசையாக நிற்கும். எவ்வளவு தேய்த்தாலும் கோட்டில் ஒரு பொட்டுக் கறை படாது. இத்தனை வருடம் தொழில் செய்கிற எனக்கு இப்படி ஒரு சாமான் இருப்பதே தெரியாது. வாங்கிப் பார்க்க ஆசையாக இருந்தது. கேட்கவில்லை, தொழில்காரன் என்கிற கௌரவம் தடுத்தது.

பல்துலக்க நான் பின்பக்கம் போனால் அண்ணன் நிமிர்ந்து பார்த்துக் கூப்பிடுவார்.

"வாடா தம்பி, நீயும் ஒரு கை போடு."

"நாள் பூரா அதத்தானண்ணா பண்ணிக்கினு இருக்கேன். ஊட்லயும் வேறயா?" என்பேன்.

"அதுவும் சரிதான்" என்று சிரித்துக்கொண்டு மறுபடி குனிந்துவிடுவார். மறுநாளும் இரண்டு மணை போடுவார், மறுநாளும் கூப்பிடுவார், நானும் அதையே சொல்வேன். ஒரு வருடத்துக்கும் மேல் இப்படியே நடந்தது.

நான் வாய் கொப்பளித்து முகம் கழுவுகிற அந்தப் பத்து நிமிடத்தில் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார். டின் பாலிஷ் எல்லாம் வருவதற்கு முன்னால் சிப்பாய்கள் செங்கல்லை இடித்துச் சலித்து, அந்தத் தூளை எண்ணெயில் குழைத்துத் தேய்ப்பார்களாம். சாம்பலில் எலுமிச்சம்பழம் பிழிந்து தேய்த்தவர்கள் உண்டாம். சுண்ணாம்புத் தூள் போட்டு மெருகு ஏற்றுவார்களாம். வெள்ளைக்காரன் காலத்துச் சிப்பாய்களில் கெட்டிக்காரர்கள் ஒவ்வொன்றிலும் இரண்டு வைத்திருப்பார்களாம். ஒன்று தினமும் போட, இன்னொன்று அதிகாரி பார்வையிட வரும்போது கட்டிலில் பரப்பிக் காட்ட. அந்த இரண்டாவதை உடம்பில் போடவே மாட்டார்களாம். எல்லைக்குப் போனால் வெயிலில் மின்னிக் காட்டிக்கொடுத்துவிடும் என்று அதே பித்தளைக்குக் கரி பூசுவார்களாம், திரும்பி வந்ததும் அந்தக் கரியை எடுக்கப் பாதி நாள் போகுமாம். பயிற்சி கொடுத்த உஸ்தாத் பக்கிளுக்கு முன்னால் குனிந்து நின்று தன் மீசையை முறுக்கிப் பார்ப்பாராம். மீசை சரியாகத் தெரியாவிட்டால் மைதானத்தை ஐந்து சுற்று ஓட வேண்டுமாம்.

"என் சின்னத்தப் பாத்தியா? யானைக்குக் கண்ணு மூக்கே இல்ல. தேஞ்சி மொழுக்குனு ஆயிடுச்சி. புதுசா வந்த பசங்களுது எல்லாம் கூர்கூரா இருக்கும். பழைய ஆளுன்னு எங்க பட்டாளத்துல அத வெச்சே கண்டுக்குவாங்க" என்று ஒரு நாள் சொன்னார்.

"எங்கிட்ட ஒரு தபா குடுண்ணா, ரெண்டே நிமிஷத்துல யானையே காணாம பூடும்" என்று நான் கிண்டல் செய்தேன். அவர் விழுந்து விழுந்து சிரித்தார். அவரோடு நான் கொஞ்சம் நின்று பேசியது அன்றைக்குத்தான் என்று நினைக்கிறேன்.

மற்ற நாள்களில் எனக்கு எரிச்சல்தான். அந்தப் பாலிஷின் வாடை சமையலறை வரை வரும். பட்டறையில் நாள் முழுக்க அதே மாதிரி வாடையிலேயே கிடந்து, மூக்கைச் சிந்தினால் கூடக் கருப்பாக வருகிற ஆள் நான். வீட்டிலாவது காபி வாசனையோடு விடியட்டும் என்று நினைப்பேன். அவருடைய கருப்புத் துணிகள் கொடியில் என் மனைவியின் புடவைகளுக்குப் பக்கத்தில் தொங்கும். அவள் புடவையை எடுத்துத் தள்ளிப் போடுவாள். அந்தத் தள்ளிப் போடுதலைப் பார்த்தாலே எனக்குச் சுருக்கென்று இருக்கும்.

வைகாசியில் கோயில் உற்சவ வேலை வந்து சேர்ந்தது. விளக்கும் தகடும் மூட்டை மூட்டையாகக் குவிந்து கிடந்தன. வீட்டுக்கு வந்து நாலு மணி நேரம் தூங்கினால் பெரிய விஷயம். அப்படி ஒரு காலையில் பின்பக்கம் டின் மூடி கீழே விழுந்து உருண்ட சத்தத்தில் விழித்தேன். எழுந்து போய்க் கத்தினேன்.

"பட்டாளம் முடிஞ்சி எவ்ளோ வருசம் ஆவுதுண்ணா! இன்னும் யாரு வந்து மீசையப் பாக்கப் போறான்? காலேஜ் கேட்ட தொறந்து மூடற வேலைக்கி எதுக்கு இந்த ஆர்ப்பாட்டம்?"

சொல்லி முடித்ததும் நாக்கைக் கடித்துக்கொண்டேன், ஆனால் வார்த்தை போய்ச் சேர்ந்துவிட்டது. அண்ணன் மூடியை எடுத்து டின்னை மூடினார். "சத்தம் வராமப் பாத்துக்கறேம்பா, நீ போயி படு" என்றார். குரலில் கோபமே இல்லை. கோபப்பட்டிருந்தால் எனக்கு நன்றாக இருந்திருக்கும்.

நாலைந்து நாள் மனசு உறுத்தியது. மன்னிப்புக் கேட்கிற பழக்கம் எங்கள் வீட்டில் கிடையாது, எதையாவது செய்து சரிக்கட்டுவதுதான் வழக்கம். அந்த வாரக் கடைசியில் பேத்திக்குக் காது குத்து என்று அண்ணன் வாலாஜாபாத் போனார். பெட்டியைப் பூட்டாமல்தான் வைத்திருப்பார். பக்கிள், சின்னம், எழுத்துகள், கொக்கி, கோட்டிலிருந்து கழற்றிய எட்டுப் பொத்தான், எல்லாவற்றையும் ஒரு துணியில் கட்டிப் பட்டறைக்கு எடுத்துப் போனேன்.

எந்தக் கோயில் வேலையையும் அவ்வளவு பொறுமையாகச் செய்ததில்லை. யானையின் மிச்சமிருந்த உருவம் போய்விடக் கூடாது என்று இருப்பதிலேயே மெல்லிய துணிச் சக்கரத்தை மாட்டினேன். மெருகேற்றி, சோப்புத் தண்ணீரில் கழுவி, மரத்தூளில் புரட்டி ஈரம் எடுத்தேன். பிறகு லேக்கர் அடித்தேன். கண்ணாடி மாதிரி மெல்லிசான ஒரு பூச்சு அது. காற்றும் கைவேர்வையும் பித்தளையைத் தொடவிடாது, அதனால் கருக்காது. கடை வாசலில் வைக்கிற விளக்குக்கெல்லாம் அதைத்தான் அடித்துக் கொடுக்கிறேன். அண்ணன் சாமானுக்கு ஒன்றுக்கு இரண்டு பூச்சாக அடித்தேன். இனிமேல் அவர் விடியற்காலையில் எழுந்து உட்கார வேண்டியதில்லை என்று நினைத்துக்கொண்டேன். அவர் வேலை குறையட்டும் என்று பாதி, என் தூக்கம் கெடாமல் இருக்கட்டும் என்று பாதி. எந்தப் பாதி பெரியது என்று அன்றைக்கு நான் பார்க்கவில்லை. இன்றைக்குப் பார்த்தால் எனக்கே கூசுகிறது.

ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வந்தார். ஒரு தாம்பாளத்தில் எல்லாவற்றையும் பரப்பி அவர் முன்னால் வைத்தேன். பக்கிளைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"எப்டிண்ணா இருக்குது?"

"சூப்பரா இருக்குதுடா. மூஞ்சி அப்டியே தெரியுது."

"இனிமே நீ தேய்க்கவே தேவல. அஞ்சி வருசத்துக்கு அசையாது."

"அஞ்சி வருசமா?" என்று கேட்டார். ஆச்சரியப்படுகிறார் என்று நினைத்து நான் தலையை ஆட்டினேன்.

மறுநாள் ஐந்து மணிக்குப் பின்பக்கம் செய்தித்தாள் விரிக்கிற சத்தம் கேட்டது. பழக்கம் விடவில்லை என்று படுத்தபடியே சிரித்துக்கொண்டேன். நான் எழுந்து போனபோது பக்கிளைத் தேய்த்துக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் துணியை விரித்துக் காட்டினார். அது போட்டது போட்டபடி வெள்ளையாக இருந்தது.

"தம்பி, கருப்பே வர மாட்டேங்குதே."

"அதான் சொன்னனே! வராது. அதுக்குத்தான் பூச்சு போட்டுக்கிறேன். சும்மா உக்காந்து காபி குடிண்ணா."

ஒரு வாரம் போலத் தினமும் தேய்த்துப் பார்த்தார். துணி வெள்ளையாகவே இருந்தது. அப்புறம் செய்தித்தாள் விரிக்கும் சத்தம் நின்றது. இரண்டு மணைகளும் சமையலறைச் சுவரில் சாத்தியபடி நின்றன. என்னைக் கூப்பிடுவதும் நின்றது. நான் ஏழு மணி வரை நிம்மதியாகத் தூங்கினேன், உண்மையைச் சொல்வதென்றால் சந்தோஷமாகத் தூங்கினேன்.

என் மனைவிதான் முதலில் கவனித்தாள்.

"மாமா இப்பவும் அஞ்சி மணிக்கே எழுந்துக்கறாரு. தொவைக்கிற கல்லு மேல சும்மா உக்காந்துக்கினு இருக்காரு. நீங்க ஒரு வார்த்த பேசுங்களேன்."

"வயசாவுது இல்ல, தூக்கம் வராது" என்று சொல்லிவிட்டுப் பட்டறைக்குப் போனேன். உற்சவம் முடிந்தும் வேலை குறையவில்லை. குறைந்திருந்தால் பேசியிருப்பேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. தினமும் சவரம் செய்கிறவர் இரண்டு நாளுக்கு ஒரு முறை, மூன்று நாளுக்கு ஒரு முறை என்று விட்டார். ஏனாத்தூர் பஸ்ஸைத் தவறவிட்டு வீட்டுக்கே திரும்பி வந்தார். கம்பெனி கொடுத்த பிளாஸ்டிக் பக்கிள் பெல்ட்டை மூலையிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்டார். அதைப் பார்த்தபோது கூட எனக்கு உறைக்கவில்லை. ஐப்பசி மழையில் முட்டி வலிக்கிறது என்று வேலையை விட்டார். அடுத்த வாரமே மகள் ஆட்டோ வைத்துக்கொண்டு வந்தாள்.

"அப்பா எங்கூடவே இருக்கட்டும் சித்தப்பா. ஊட்ல ஆளு இருந்தா அவருக்கும் பொழுது போவும்" என்றாள்.

பெண் வீட்டில் தங்கக் கூச்சப்பட்ட மனிதர் மறுபேச்சுப் பேசாமல் ஆட்டோவில் ஏறினார். "இங்க எல்லாம் நல்லாத்தான் இருந்துச்சி" என்று என் மனைவியிடம் சொன்னார். நான் பெட்டியைத் தூக்கி வைத்தேன்.

எனக்குப் புரியவைத்தது சின்ன காஞ்சிபுரத்திலிருந்து வந்த ஒரு அம்மா. கோயில் கைங்கரியம் செய்கிற குடும்பம் அவர்களுடையது. முன்பு நான் மெருகேற்றிக் கொடுத்த பூஜை விளக்கைத் திரும்ப எடுத்து வந்திருந்தார்கள்.

"இந்தப் பூச்ச எடுத்துடணும்பா" என்றார்கள்.

"ஏம்மா, கருத்துப் போச்சா?"

"கருக்கவே இல்ல. நன்னாத்தான் பண்ணியிருக்கே. ஆனா வெள்ளிக்கிழமை விடிஞ்சா இத எடுத்துண்டு கெணத்தடியில ஒக்காருவேன். எங்காத்து மாட்டுப்பொண்ணும் வந்து ஒக்காருவா. புளிய ஆளுக்குக் கொஞ்சம் எடுத்துண்டு தேய்ப்போம். அவ எங்கிட்ட வாயத் தெறந்து பேசறதே அப்பத்தான். ரெண்டு மாசமா ஆத்துல பேச்சே இல்ல."

எனக்கு முதலில் கோபம்தான் வந்தது. நல்ல வேலையைக் கெடுக்கச் சொல்கிறார்களே என்று முணுமுணுத்துக்கொண்டே தின்னரில் பஞ்சை நனைத்து விளக்கைத் துடைக்க ஆரம்பித்தேன். பூச்சு பிசுபிசுவென்று கழன்று பஞ்சில் வந்தது. பாதித் தண்டு துடைத்திருப்பேன். காலியாகக் கிடந்த அந்த இரண்டாவது மணை ஞாபகத்துக்கு வந்தது. பஞ்சைக் கீழே வைத்துவிட்டு மோட்டாரை நிறுத்தினேன். அன்றைக்கு அதற்கப்புறம் வேலை ஓடவில்லை.

அடுத்த ஞாயிறு ஒரு பாட்டில் தின்னர், பஞ்சு, ஒரு புது டின் பாலிஷ், நாலு பனியன் துணி எல்லாவற்றையும் பையில் போட்டுக்கொண்டு வாலாஜாபாத் பஸ் ஏறினேன். அண்ணன் வாசலில் பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "வாப்பா, வா" என்று உள்ளே ஒரு நாற்காலியைத் துடைத்துப் போட்டார். மகளைக் கூப்பிட்டு, "சித்தப்பாக்கு கலர் வாங்கியா" என்றார். வீட்டுக்கு வந்த விருந்தாளிக்குச் செய்கிற எல்லாவற்றையும் செய்தார்.

"பெட்டிய எடுண்ணா" என்றேன்.

தரையில் செய்தித்தாளை நானே விரித்தேன். பக்கிளையும் சின்னத்தையும் பொத்தான்களையும் அடுக்கித் தின்னர் போட்டு ஒவ்வொன்றாகப் பூச்சைக் கழற்றினேன். அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். பூச்சு போனதும் பாலிஷ் வைத்துக் காயவிட்டு, பக்கிளைத் தேய்த்தேன். துணியில் கருப்பு வந்தது. அதை விரித்து அவரிடம் காட்டினேன்.

"வாண்ணா. கீழ வா. ரெண்டு பேரும் தேய்ப்போம்."

அவர் எழுந்து வரவில்லை. என் கையிலிருந்த துணியையே கொஞ்ச நேரம் பார்த்தார்.

"பட்டாளத்துல ஜோடி ஜோடியா உக்காந்துதாம்பா தேய்ப்போம்" என்றார். "எதிர்ல இருக்கறவன் எந்த ஊரு, இன்னா பாஷ, எதுவும் தெரியாது. ஒரு டின்னுதான் ரெண்டு பேருக்கும். தேய்ச்சிக்கினே பேச்சி வந்துடும். எனக்கு ஆளுங்க கூட அப்டித்தான் பழகத் தெரியும். உங்கூட நான் இருந்ததே இல்ல. நீ சின்ன புள்ளயா இருக்கறப்ப போனவன். உங்கிட்ட இன்னா பேசறதுன்னே எனக்குத் தெரியல. உனக்குப் பித்தள தெரியும், எனக்குப் பித்தள தெரியும். சரி, அத வெச்சி ஆரம்பிக்கலாம்னு பாத்தேன்."

குனிந்து பக்கிளையே தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"தெரியலண்ணா எனக்கு" என்றேன்.

"தெரியாமத்தான செஞ்ச. நல்லதுன்னு நெனச்சி செஞ்ச. அத உட்டுத் தள்ளு" என்றார். குரல் அன்பாகவே இருந்தது. முன்பு போல 'டா' போட்டு அவர் என்னைக் கூப்பிடுவதில்லை என்பது அப்போதுதான் என் காதில் பட்டது.

மீதி எல்லாவற்றையும் நானே தேய்த்து முடித்தேன். எட்டாவது பொத்தானுக்கு வரும்போது கை வலித்தது. பட்டறையில் மோட்டார்தான் தேய்க்கும், என் கைக்கு அந்தப் பழக்கம் கிடையாது. அண்ணன் ஒவ்வொன்றையும் வாங்கிப் பார்த்து, "நல்லா வந்துக்குது" என்று சொல்லிப் பெட்டியில் வைத்தார். மகள் சாப்பாடு போட்டாள், சாப்பிட்டேன். பட்டறை எப்படிப் போகிறது என்று கேட்டார். நன்றாகப் போகிறது என்றேன். அதற்குப் பிறகு இரண்டு பேருக்கும் பேச எதுவும் இல்லை.

அவர் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தார்.

"உனுக்கு பஸ்ஸுக்கு நேரமாவுதில்லப்பா?" என்றார்.

மணி இரண்டு கூட ஆகவில்லை. வாலாஜாபாத்திலிருந்து காஞ்சிபுரத்துக்கு எந்நேரமும் பஸ் உண்டு, அது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும். "ஆமாண்ணா, நேரமாச்சி" என்று சொல்லி எழுந்துகொண்டேன்.